தோற்றுக்கொண்டே நின்ற டத்தோ

மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுவா பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் பாலாய் ராயா மண்டபத்தில் நடந்த பிரசாரக் கூட்டத்துக்குப் போயிருந்தேன்.

ஜெயிக்கப் போகிறவரின் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கெல்லாம் இந்தப் பத்தி எழுதுகிறவளை யார் கூப்பிடுகிறார்கள்? இது தோற்றுக்கொண்டிருந்தவரின் கூட்டம். அன்றைக்கே உட்கார்ந்து எழுதியிருப்பேன். கதை எங்கே போய் முடிகிறது என்று பார்ப்போமே என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்... நேற்றுத் தெரிந்துவிட்டது.

நம் ஆள்களுக்கென்று இருக்கிற கட்சிகளில் ஒன்றுக்குத் தேசியத் தலைவர் தேர்தல். கட்சியின் பெயர் வேண்டாம். ஒரு கட்சியின் பெயரைச் சொன்னால், மற்ற கட்சிக்காரர்கள் ‘எங்களிடம் இல்லாத கூத்தா’ என்று கோபித்துக்கொள்வார்கள்.

அந்தக் கட்சியில் ஒரு விதி. தலைவர் பதவிக்கு நிற்கிறவரைக் கிளைகள்தான் முன்மொழிய வேண்டும். கிளைக் கூட்டம் போட்டு, கை தூக்கி, ஒருவர் பெயரை மேலே அனுப்ப வேண்டும். ஒரு கிளைக்கு ஒரு பெயர்தான். அதிகக் கிளைகள் யாருக்கோ, அவர் தலைவர். அனுப்பிய பெயரை மாற்ற முடியாது. ஆனால் அந்த ஆளே போட்டியிலிருந்து விலகிவிட்டால், கிளை மறுபடியும் கூடி வேறு பெயரை அனுப்பலாம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டியில் இரண்டு பேர். ஒருவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ரொம்ப தூரம் முன்னால். பின்னால் வந்தவர்தான் டத்தோ பட்டம் வாங்கிய பரஞ்சோதி. சிரம்பானில் காப்புறுதி ஏஜென்சி நடத்துகிறவர்.

தம்பின் வட்டாரம் தனக்குத்தான் என்றார். தம்பின் கிளைகள் மொத்தமாக அந்தப் பக்கம் போயின. கோலா கிளாவாங்கில் பார் என்றார். பார்த்தோம். அங்கேயும் இல்லை. மனிதர் அசந்தாரா? ‘இது தார்மீக வெற்றி’ என்று அறிக்கை விட்டார். அடுத்த ஊரில் தோற்றபோது ‘மக்கள் மனதில் நான்தான் தலைவர்’ என்றார். மனதில் இருக்கிற தலைவருக்குக் கை தூக்க மட்டும் மக்களுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

பிறகு அவருக்கு இருந்த நாலைந்து கிளைகள் எப்படி வந்தன? அதைச் சொல்லியாக வேண்டும்.

டத்தோ கல்யாணங்களுக்கு அதிகம் போகமாட்டார். சாவுக்குப் போவார். கருமாதிக்கும் தவறமாட்டார். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் இரங்கல் பக்கத்தைத்தான் திருப்புவார் என்று அவருடைய டிரைவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். கல்யாண மண்டபத்தில் முன்வரிசை முழுக்க டத்தோக்கள் உட்கார்ந்திருப்பார்கள். தோட்டத்துச் சாவு வீட்டில்? இவர் ஒருவர்தான்.

நம் ஆள்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. கல்யாணத்துக்கு வராதவரை ஒரு வாரம் திட்டிவிட்டு மன்னித்துவிடுவோம். கெட்ட காரியத்துக்கு வந்து நின்றவரை ஆயுசுக்கும் மறக்கமாட்டோம். அவர் வாய்விட்டு ஒன்று கேட்டால், ‘முடியாது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்ல நமக்கு நாக்கு எழும்பாது.

லெட்சுமிக்கும் எழும்பவில்லை.

லெட்சுமி அந்தத் தோட்டத்துக் கிளைத் தலைவி. போர்ட்டிக்சனில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை. இந்தப் பத்தியை வாராவாரம் படித்துவிட்டு, ‘என்னாக்கா, இந்த வாரம் உப்பே இல்ல’ என்று போன் போட்டுச் சொல்லும் வாசகியும்கூட. இந்த ஆண்டு அவளுடைய மாமனார் தவறிப்போனார். கருமாதிக்கு டத்தோ வந்தார். மற்றவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு எழுந்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

“தங்கச்சி, கிளைய இந்த அண்ணனுக்குக் குடுத்துடும்மா.”

கருமாதிப் பந்தலில்! இலைகூட எடுக்கவில்லை.

அடுத்த வாரம் கிளை கூடியது. எல்லாரும் கை தூக்கினார்கள். தூக்கியவர்கள் லெட்சுமியின் மாமனாருக்காகத் தூக்கினார்கள், அந்த வீட்டுக்கு வந்துபோன மரியாதைக்காகத் தூக்கினார்கள். டத்தோ அத்தனையும் தமக்கு விழுந்த ஓட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? அப்புறம்தான் தோட்டம் கைமாறிய சேதி வந்தது. வாங்கிய கம்பெனி செம்பனையை அழித்துவிட்டுத் தாமான் குடியிருப்பு கட்டப் போகிறதாம். தொழிலாளர் லயத்து வீடுகளில் இருக்கிறவர்கள் வருஷக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதே நிலத்தின் ஓரத்தில் மலிவு விலை வீடு கட்டிக் கொடுங்கள் என்பது இவர்களுடைய கோரிக்கை. லெட்சுமியின் வீடும் அந்த லயத்தில்தான். அவளும் அவள் புருஷனும் பிறந்ததே அங்கேதான்.

கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? போட்டியில் முன்னால் போய்க்கொண்டிருந்த அந்த இன்னொருவர். ‘நம்ம கிளைகளுக்கு வீடு வாங்கிக் குடுத்துருவேன்’ என்று மேடையில் சொல்லியிருந்தார். நம்ம கிளைகள்... அர்த்தம் புரிகிறதல்லவா? வீடு குடியிருக்கிறவனுக்கு இல்லை, கை தூக்கினவனுக்கு. அவரையும் தனியாகத் திட்ட வேண்டும். இன்றைக்கு இடம் போதாது.

ஆக, லெட்சுமிக்கு இருந்தது ஒரே வழி. முன்மொழிவுக்குக் கடைசி நாள் வருவதற்குள் டத்தோ விலக வேண்டும். அவர் விலகினால் கிளை மறுபடியும் கூடலாம், அந்தப் பக்கம் பெயர் அனுப்பலாம், வீட்டுப் பேச்சுவார்த்தையில் இவர்களுக்கும் இடம் கிடைக்கும். எப்படியும் தோற்கப் போகிறவர்தானே, ஒரு வார்த்தை சொன்னால் விலகிக்கொள்ள மாட்டாரா? அப்படித்தான் அவள் நினைத்தாள்.

“நீங்களும் வாங்கக்கா,” என்றாள் போனில். “ஆளுங்க முன்னாடி கேக்கப் போறேன். ஒத்தையா நின்னா எனக்கு வாய் அடைச்சிரும். நீங்க சும்மா முன்னால உக்காந்திருங்க, போதும்.”

அதனால்தான் போனேன். டத்தோவோ, பத்திரிகை தம்மைத் தேடி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மீ கோரேங், கறிபாப், சிவப்பு சிராப் தண்ணீர். டத்தோவுக்கு மாலை, பொன்னாடை. அவர் என் பக்கம் குனிந்து, “பாத்தீங்களா சிஸ்டர், கூட்டத்த? இதுக்கப்புறமும் வெலகு வெலகுன்னு சொல்றானுங்க,” என்றார். ஞாயிற்றுக்கிழமை, சொந்த மண்டபம், சாப்பாடு வேறு. வராமல் எங்கே போவார்கள்? நான் கறிபாப்பைக் கடித்தேன்.

பேசினார். தோட்டத்து மக்களுக்காகத்தான் நிற்கிறாராம். பணம் கூப்பிட்டதாம், பதவி கூப்பிட்டதாம், எல்லாவற்றையும் உதறினாராம். கடைசி மூச்சு இருக்கிற வரைக்கும் விலகமாட்டாராம். எல்லாரும் கைதட்டினார்கள். நம் ஆள்கள் மைக் டெஸ்டிங்குக்கும் கைதட்டுகிற நல்லவர்கள்.

பிறகு லெட்சுமி எழுந்தாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, மைக் இல்லாமலே பேசினாள்.

“அண்ணே, எங்க மாமா காரியத்துக்கு வந்தீங்க. அத நாங்க மறக்கல, மறக்கவும் மாட்டோம். அந்த மரியாதைக்குத்தான் கை தூக்குனோம். இப்ப நீங்க நின்னாலும் ஜெயிக்கப் போறதில்ல. நீங்க இருக்கிற வரைக்கும் நாங்க வேற பேரு அனுப்ப முடியாது. அங்க வீட்டுக்குப் பேர் எடுக்கிறாங்க. தயவு செஞ்சு வெலகிக்குங்கண்ணே. உங்கள ஒண்ணும் கொறச்சிச் சொல்லல.”

விருந்துக்கு வந்தவரைப் பார்த்து ‘போய்விடுங்கள்’ என்று அந்த மண்டபத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டத்தோ என்ன செய்தார்? கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், துடைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா பாசத்த? தோத்துப் போனா இந்த அண்ணன் மனசு ஒடஞ்சிருவானேன்னு என் தங்கச்சி பயப்படுது. பயப்படாதம்மா. உனக்காக நான் கடைசி வரைக்கும் நிப்பேன்.”

மறுபடியும் கைதட்டல். முன்னளவு இல்லை, ஆனாலும் கைதட்டல்தான்.

“பயம் உங்களுக்காக இல்லண்ணே, எங்க வீட்டுக்காக...” என்று லெட்சுமி சொல்வது முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அதற்குள் டத்தோவின் ஆள் ஸ்பீக்கரில் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டான்.

கார் வரைக்கும் அவரோடு நடந்தேன். கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

“ஜெயிக்க மாட்டீங்கன்னு உங்களுக்கே தெரியும்ல, டத்தோ?”

“தெரியும் சிஸ்டர்,” என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பைத்தியக்கார நம்பிக்கையில் நிற்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தால்கூடப் பாவம் பார்த்திருப்பேன்.

“அப்புறம் எதுக்கு?”

“இப்ப வெலகுனா நான் யாரு? பத்தோட பதினொண்ணு. கடைசி வரைக்கும் எதிர்த்து நின்னாத்தான் லா, முடிஞ்ச பெறகு கூப்பிட்டுப் பேசுவாங்க. கையில இருக்கிறதே நாலஞ்சு கிளை. அதையும் விட்டுட்டா, மேசையில என்னத்த வெச்சுப் பேசறது?”

“லெட்சுமி வீடு?”

“எல்லாம் பாத்துக்கலாம் சிஸ்டர். நீங்க இதையெல்லாம் எழுதிறாதீங்க,” என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

எழுதுகிறேன், டத்தோ.

வாசகர்களே, தோற்கிறவரை நான் கேலி செய்யவில்லை. தோற்போம் என்று தெரிந்தும் ஒரு நியாயத்துக்காகத் தனியாக நிற்கிற மனிதர் இருக்கிறாரே, அவரைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுவேன். ஆனால் நம் ஊரில் கடைசிவரை நிற்கிறவர்களில் எத்தனை பேர் அந்த ஜாதி? கோயில் கமிட்டியில் பாருங்கள், பெற்றோர் சங்கத்தில் பாருங்கள். ஜெயிப்பதற்காக நிற்கிறவர் பாதி, விலகுவதற்கு விலை கேட்டு நிற்கிறவர் மீதி. இந்த இரண்டாவது ரகம்தான் ‘கொள்கை’ என்ற சொல்லை அதிகமாகப் பயன்படுத்தும். பதவி தருகிறேன் என்று யாராவது சொல்கிற வரைக்கும் அந்தக் கொள்கை இரும்பு மாதிரி இருக்கும்.

அப்புறம் அடுத்தவர் முதுகு. தான் நிற்பதற்கு மேடை வேண்டும் என்றால் பலகை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே. ஏன் லயத்து வீட்டுக்காரி முதுகில் ஏறி நிற்க வேண்டும்? எனக்குக் கோபம் அங்கேதான்.

சரி, முடிவுக்கு வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமை முன்மொழிவு முடிந்தது. டத்தோ விலகவில்லை. நன்றாகத் தோற்றார். அடுத்த வாரம் பேப்பரில் படம் வந்தது. புதிய தலைவருக்கு டத்தோ பொன்னாடை போர்த்துகிறார், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். ‘சமுதாய ஒற்றுமைக்காகக் கைகோத்தோம்’ என்று பேட்டி. டத்தோவுக்குத் தேசிய ஆலோசகர் பதவி. அவர் போட்ட கணக்கு சரிதான், கூப்பிட்டுப் பேசிவிட்டார்கள்.

நேற்று, வீட்டு விஷயமாகக் கிளைகளைச் சிரம்பானுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். லெட்சுமியின் கிளைக்கு அழைப்பில்லை. அவள் விடுவாளா? கேண்டீனில் லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறித் தானே போயிருக்கிறாள். கட்சி அலுவலகத்தில் இருந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

“உங்க கிளை எந்தப் பக்கம் நின்னுச்சு?”

“டத்தோ பரஞ்சோதி பக்கம்.”

“அப்ப அவரையே கேளுங்கம்மா.”

அங்கேயே வெளியில் நின்று டத்தோவுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் எடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். இப்போதுதான் ஒற்றுமை வந்திருக்கிறதாம். இந்த நேரத்தில் ஒரு லயத்து விஷயத்தைக் கிளப்பினால் தலைவர் தப்பாக நினைப்பாராம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. லெட்சுமி அழவில்லை.

“அக்கா, அவரும் தோத்தாரு, நாங்களும் தோத்தோம். அவருக்கு மட்டும் எப்படிக்கா பதவி கெடச்சது? எங்களக் காட்டித்தானே வாங்குனாரு? காலி பண்றப்ப வீட்டுப் பலகையெல்லாம் பிரிச்சு எடுத்துட்டுப் போகலாமான்னு எங்க வீட்டுக்காரரு தோட்டத்து மேனேஜரக் கேக்கப் போயிருக்காரு. எனக்கு வயிறு எரியுதுக்கா.”

கம்பெனிக்கு நேராக ஒரு மனு போடலாம், நான் எழுதித் தருகிறேன், நானும் கூட வருகிறேன் என்றேன். சரி என்றாள். நம்பிச் சொன்னாளா, என் மனம் நோகக் கூடாதென்று சொன்னாளா, தெரியவில்லை. அந்த ஜனங்களின் குணம் அப்படி.

ஆகவே, தோட்டங்களில் இருக்கும் என் வாசகர்களே... இன்னொரு தேர்தல் வரும், இன்னொரு டத்தோ வருவார், ‘உங்களுக்காகக் கடைசிவரை நிற்பேன்’ என்று கண் கலங்குவார். சாப்பாடு போடுங்கள், அனுப்பிவிடுங்கள், கையை மட்டும் தூக்காதீர்கள்.

தோற்றால், அவர் வீட்டுக்குப் போவார். உங்களுக்கு வீடே போய்விடும்.