பட்டாளத்துக்கு அடித்த மொட்டை

முடி வெட்டுகிற தொழிலில் கத்தரி மழுங்கினாலும் வாய் மழுங்காது. அதிலும் ஆர்மி கேம்ப்புக்குப் பக்கத்தில் கடை போட்டவன் வாய்க்கு ஓய்வே கிடையாது. மலேசியாவில், சுங்கைப் பட்டாணியிலிருந்து சுங்கை லாலாங் போகிற ரோட்டில் என் கடை. வருகிற தலைகளில் பாதி சோல்ஜர் தலை.

என் மகன் தினேஷ், ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை முடித்த கையோடு, "அப்பா, நான் ஆர்மிக்குப் போறேன்" என்று வந்து நின்றான். டிக்டாக் பார்த்து வந்த ஆசை, நாலு நாளில் ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. சரி, வேண்டாம் என்றும் சொல்லக்கூடாது, போ என்றும் தள்ளக்கூடாது. நல்லது கெட்டது எல்லாம் விசாரித்துச் சொல்வோம், முடிவை அவனே எடுக்கட்டும் என்று தீர்மானித்தேன். விசாரிக்க நம்மைவிட வசதியான ஆள் யார்? துணியைப் போர்த்திக் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆபீசரும் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும். வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு முழிக்கும் சக பெற்றோரே, என் விசாரணை போன லட்சணத்தைக் கேளுங்கள்.

சார்ஜன் அண்ணன்

முதலில் பிடித்தது சுப்ரா அண்ணனை. பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, ஆர்மியில் சார்ஜனாக இருந்து பென்ஷன் வாங்கியவர். தினேஷையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தேன். மனுஷன் பொழிந்து தள்ளிவிட்டார். பென்ஷன் உண்டு, குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது, கடல் தாண்டி சபா, சரவாக் எல்லாம் சும்மா பார்க்கலாம். தினேஷ் முகத்தில் பல்லைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை.

அவன் தே தாரிக் டீ கட்டிக்கொண்டு வர வெளியே போனதும் அண்ணன் குரல் இறங்கியது. அவருடைய அப்பா இறந்தபோது இவர் சரவாக் காட்டுக்குள் டியூட்டியில் இருந்தாராம். சேதி கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். "இதைப் பையன்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே" என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஆர்மிக்குப் போனதுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டது இல்ல தம்பி. அன்னிக்கு வர முடியாமப் போனதுக்குத்தான் இன்னிக்கும் வருத்தம். இத எப்படி ஒரு சின்னப் பையனுக்குச் சொல்லிப் புரியவைக்கிறது?"

கலா கேட்கச் சொன்னது

புரிகிறதோ இல்லையோ, அன்றைக்குச் சாயந்திரமே அதையும் தினேஷிடம் சொல்லிவிட்டேன். ஒளிக்கக்கூடாது, இல்லையா? அவன் தலையை ஆட்டினான். என் மனைவி கலாவுக்குத்தான் கண் கலங்கியது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். கேம்ப்பில் மாட்டிறைச்சி போடுவார்களாமே, பிள்ளை என்ன சாப்பிடுவான்? கேட்டுக்கொண்டு வந்தால்தான் ராத்திரிச் சோறு என்கிற மாதிரி நின்றாள்.

மறுநாள் ஒரு மலாய்க்காரப் பையன் வந்தான். யான் என்கிற ஊர்ப் பக்கத்து நெல்வயல்காரன், போன வருஷம்தான் ஆர்மியில் சேர்ந்தவன். தயங்கித் தயங்கி அவனிடம் கேட்டேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் மிஷின் ஒரு பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. மலாயில் அவன் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்.

"கோழி இருக்கு, மீன் இருக்கு, யாரும் வாயில திணிக்க மாட்டாங்க அங்கள். சாப்பாடு பிரச்சனையே இல்ல. மொத மாசம் எல்லாப் பயலும் போர்வைக்குள்ள அம்மாவ நெனச்சு அழுவான், அதுக்குத்தான் மருந்து இல்ல."

ஒரே முருகன்

எங்கள் வட்டாரத்து முருகன் கோயில் குருக்கள் சவரத்துக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், சிரிக்காமல் பேசுகிற ஆள். சோப்பு நுரைக்குள்ளிருந்து விஷயத்தை எடுத்துவிட்டார். பையன் தேர்வாகக்கூடாது என்று கலா அர்ச்சனை செய்கிறாளாம். தேர்வாகவேண்டும் என்று தினேஷும் வந்து செய்கிறானாம். ஒருத்தர் வருவது மற்றவருக்குத் தெரியாது.

"அதே பேரு, அதே நட்சத்திரம். நான் யாருக்குண்ணே மணி அடிக்கிறது?"

மொட்டை

ஆள் எடுக்கிற நாளும் வந்தது. அதற்கு முந்தின நாள் சாயந்திரம் தினேஷ் கடைக்கு வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். "நல்லா வெட்டிவிடுங்கப்பா." எத்தனை ரெக்ரூட் தலையைப் பார்த்தவன் நான்! என் பிள்ளை தலை யாருக்கும் இளைத்ததாக இருக்கலாமா? மிஷினை ஒட்ட ஓட்டி, போதாது என்று கத்தியும் போட்டேன். வலது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு வெளியே வந்தது. சின்ன வயசில் எஸ்டேட் செம்மண் ரோட்டில் மோட்டோ பைக்கிலிருந்து விழுந்து, நினைவில்லாமல் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்கப்புறம் அவன் முடியை நான்தான் வெட்டுகிறேன், எப்போதும் அந்த இடத்தை மூடித்தான் வெட்டுவேன். மூடி மூடி நானே அதை மறந்துபோயிருந்தேன். பார்த்தபோதும், சோல்ஜருக்கு ஒரு தழும்பு இருந்தால் என்ன என்றுதான் தோன்றியது.

மறுநாள் ஜித்ராவில் ஒரு திடல். மரத்தடியில் எங்களை மாதிரி அப்பா அம்மாக்கள். "என்ன கேட்டாலும் உண்மையச் சொல்லு" என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினேன். ஓடினான், கம்பியில் தொங்கி ஏறினான், எல்லாம் பாஸ். கடைசியில் டாக்டர். தலையைத் திருப்பிப் பார்த்து, அடிபட்டு மயக்கமாகக் கிடந்தாயா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றான். அப்படிக் கிடந்தவனை எடுக்கமாட்டார்களாம், அதோடு முடிந்தது. சட்டையைக் கையில் பிடித்தபடி வந்தவன் என்னைப் பார்க்காமல் காரில் போய் உட்கார்ந்தான். ஒரு கணம் என் நெஞ்சு லேசானது. பொய் சொல்லமாட்டேன், அதை நினைத்துத்தான் இன்றைக்கும் கூசுகிறது. ஓடிப்போய் டாக்டரைக் கெஞ்சினேன். தமிழ்ப் பெண், பொறுமையாகத்தான் பேசினார்.

"கொஞ்சம் முடி இருந்திருந்தா என் கண்ணுல பட்டிருக்காது, நானும் கேட்டிருக்க மாட்டேன். இவ்வளவு சுத்தமா மழிச்சுவிட்டது யாரு அங்கள்?"

எதிர்க் கடை

வீட்டுக்குப் போனால், நான் போனில் சொன்னதைக் கேட்டுக் கலா பாயாசம் வைத்திருந்தாள். நான் தெரிந்தேதான் மழித்தேன், அவளுக்காகச் செய்தேன் என்று நம்பிவிட்டாள். கிண்ணத்தை நீட்டும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையைத் தினேஷும் பார்த்தான். சத்தியமாக இல்லையடா என்றேன். "பரவால்லப்பா" என்றான். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போது ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். முடி வளர்ந்து காதை மூடியது. இந்த ஞாயிறு வருவான், அடுத்த ஞாயிறு வருவான் என்று நாற்காலியைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

போன வாரம் எதிர்க் கடை செல்வம் கையில் சீப்போடு ரோட்டைத் தாண்டி வந்தான். நல்ல பையன். தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. தினேஷ் என் கடைல உட்கார்ந்திருக்கான். காதுக்குப் பின்னால தழும்பு தெரியாம வெட்டணுமாம். நீங்க எப்படிண்ணே வெட்டுவீங்க?"

மிஷினில் மூணாம் நம்பர் சீப்பைப் போட்டு, அந்த இடத்தைக் கத்தரியாலேயே இறக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். ஊரான் பிள்ளை தலையெல்லாம் நம்மைத் தேடி வர, பெற்ற பிள்ளை தலைக்கு மட்டும் எதிர்க் கடைக்காரனுக்குப் பாடம் நடத்துகிற பிழைப்பாகிவிட்டது நம் பிழைப்பு.