செப்டெம்பர் வரைக்கும் வரவேற்பு

நான் பிறந்தது ஜேர்மனியில், வுப்பர்டாலில். படித்தது பான் நகரில். வெளிநாட்டு மாணவியாக ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆனால் நான் வேலை செய்த பல்கலைக்கழகத்தின் விளம்பரப் புத்தகத்தில் எட்டாம் பக்கத்தைத் திறந்தால், முதுகில் பையோடு, ஒரு மரத்தடியில், எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கும் வெளிநாட்டு மாணவி நான்தான்.

அங்கே எனக்கு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வேலை. படம் எடுக்க வந்த அன்று உண்மையான வெளிநாட்டு மாணவர்கள் எல்லாருக்கும் பரீட்சை. அலுவலகத் தலைவி என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்களுக்கு அரை மணி நேரம் இருக்குமா?" என்று கேட்டார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். பை படம் எடுக்க வந்தவருடையது. அதற்குள் அவருடைய மதியச் சாப்பாடு இருந்தது. மரத்தடி முழுக்க வெங்காயம் மணத்தது.

பல்கலைக்கழகத்துக்கு அப்போது போதாத காலம். மாநில அரசு கையைச் சுருக்கிக்கொண்டது. முதலில் ஒரு லிஃப்டை நிறுத்தினார்கள். பிறகு கோப்பி ஊற்றும் இயந்திரம் போனது. பிறகு வெள்ளிக்கிழமைகளில் வெப்பமூட்டியும் இல்லை என்றார்கள். எங்கள் மாடியில் எல்லாரும் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, "இதமான சூழலில் உங்களை வரவேற்கிறோம்" என்று மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தோம்.

இது போதாதென்று உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசையிலும் சறுக்கிவிட்டோம். உடனே பிராங்பேர்ட்டில் இருந்து ஓர் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். கோப்பிக்கு இல்லாத காசு ஆலோசகருக்கு எப்படியோ இருந்தது. அவர் சொன்னது இதுதான்: ஆராய்ச்சியை உயர்த்த வருடக்கணக்காகும், நல்ல பேராசிரியர்களைப் பிடிக்க அதைவிடக் காலமாகும். பட்டியலில் ஒரே வருடத்தில் உயர்த்தக்கூடியது ஒன்றே ஒன்று, வெளிநாட்டு மாணவர் விகிதம். அரசும் தலைக்கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறது. தலை கூடினால் பணமும் வரும், பெயரும் வரும்.

"கனடா கதவைச் சாத்துகிறது," என்றார். "அங்கே போக இருந்தவர்கள் எங்கேயாவது போகத்தானே வேண்டும்?" எதிர்க்கடை பூட்டப்போகிறது என்று கேள்விப்பட்ட முதலாளியின் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

கனடாவில் கதவு சாத்தப்படுவது எனக்கு முன்பே தெரியும். என் சித்தி ரொறன்ரோவில் தன் வீட்டு பேஸ்மென்டில் ஆறு மாணவர்களை வைத்திருந்தவர். அந்தச் சனிக்கிழமை போனில் புலம்பினார். "இப்ப ஒருத்தரும் வாறேல்லை பிள்ளை. விசா குடுக்கிறதைக் குறைச்சுப்போட்டாங்கள். கொலிஜிலை பாதி வகுப்பைப் பூட்டி, படிப்பிச்ச ஆக்களையும் நிப்பாட்டியாச்சு." நாங்கள் அவர்களைக் கூப்பிடப்போகிறோம் என்று சொன்னேன். "கூப்பிடுங்கோ, கூப்பிடுங்கோ. படுக்க இடம் இருக்கோ எண்டு பாத்திட்டுக் கூப்பிடுங்கோ," என்றார். ஆறு பேருக்கு ஒரு குளியலறை கொடுத்தவரின் அறிவுரை என்பதால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். அது பெஃப்ரிஸ்டெட், அதாவது முடிவுநாள் எழுதிய வேலை. என்னுடைய முடிவுநாள் செப்டெம்பர் கடைசி. பல்கலைக்கழகம் தொடங்குவது ஒக்டோபரில். நான் கூவிக்கூவி அழைக்கும் பிள்ளைகள் வந்து இறங்கும்போது என் கதிரையில் நான் இருக்க மாட்டேன், அல்லது ஒப்பந்தம் நீடித்தால் இருப்பேன். "எண்ணிக்கை சரியாக வரட்டும், உங்கள் நீடிப்புக்கு நானே அன்ட்ராக் எழுதிப் போடுகிறேன்," என்று அலுவலகத் தலைவி சொல்லியிருந்தார். ஆகவே நான் வெறிகொண்டு வேலை செய்தேன்.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. தமிழ்நாட்டுப் பெற்றோருக்குத் தமிழிலேயே ஓர் இணையக் கூட்டம் நடத்தலாம். ஆள் அலுவலகத்திலேயே இருக்கிறது, செலவும் இல்லை. என்னுடைய தமிழ் வுப்பர்டால் குசினியில் யாழ்ப்பாணத்து அம்மாவிடம் கற்றது, அது அவர்களுக்குப் பிடிபடாது என்று சொல்லிப் பார்த்தேன். "ஆனால் தமிழ் தமிழ்தானே?" என்றார். ஒரு கிழமை சென்னைத் தொடர் நாடகங்களைப் பார்த்துப் பழகினேன். அவற்றில் எல்லாரும் அழுதுகொண்டோ சபதம் எடுத்துக்கொண்டோ இருந்தார்கள். பல்கலைக்கழக அனுமதி பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒருவர், "மேடம் மலையாளமா?" என்று எழுதிக் கேட்டார். அதைத் தவிர எல்லாம் நன்றாகத்தான் போனது. வரக்கூடிய கேள்விகளுக்குப் பதில்களை நானே எழுதி வைத்திருந்தேன். அறை கிடைக்குமா என்று கேட்டால், "வீடு தேடுவதில் பல்கலைக்கழகம் துணை நிற்கும்." அந்தத் துணை என்பது ஓர் இணையப் பக்கம். அதில் ஏழு முகவரிகள், அவற்றில் மூன்று திறக்காது. மாணவர் விடுதிக்கு ஒரு காத்திருப்புப் பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலில் பெயர் பதியவும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு தகப்பன் கேட்டார். கோவில்பட்டியில் பஸ் டிப்போவில் வேலை பார்க்கிறவர். மற்றவர்களைப் போல அவர் தரவரிசை கேட்கவில்லை. "அந்த ஊர்ல கடைசி பஸ் எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன். திருப்திப்பட்டார். பிறகு, "எட்டாம் பக்கத்து போட்டோவுல இருக்கிறது நீங்கதானே?" என்றார்.

"ஆமா சார்."

"அங்கேயே படிச்சு, அங்கேயே வேலையும் வாங்கிட்டீங்க. பாக்கவே சந்தோஷமா இருக்கு."

அப்போதே மறுத்திருக்க வேண்டும். அலுவலகத் தலைவி திரையில் தன் பெட்டிக்குள் ஒரு சொல்லும் விளங்காமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார். நானும் புன்னகைத்தேன்.

"இந்த ரேங்க்கிங் எல்லாம் எனக்குப் புரியாதும்மா," என்றார் அவர். "பாப்பா திருநெல்வேலி தாண்டித் தனியாப் போனதில்ல. அவ வரும்போது நீங்க அங்க இருப்பீங்கல்ல?"

செப்டெம்பர் கடைசியோடு என் வேலை முடிகிறது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் இந்தப் பிள்ளை வராது. இந்தப் பிள்ளை வராவிட்டால் எண்ணிக்கையில் ஒன்று குறையும். எண்ணிக்கை குறைந்தால் நான் இருக்க மாட்டேன். ஆகவே நான் இருப்பதற்காக, இருப்பேன் என்று சொல்லியே ஆகவேண்டும். இந்தக் கணக்கைப் போட எனக்கு இரண்டு விநாடிகூட எடுக்கவில்லை.

"இருப்பேன் சார்," என்றேன். மனம் உறுத்தியதால் என் சொந்தத் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தேன்.

அந்த வருடம் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. இலக்குக்கு மேலேயே போய்விட்டோம். செப்டெம்பர் தொடக்கத்தில் அலுவலகத் தலைவி என்னை அழைத்து இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இலக்கை அடைந்துவிட்டதால் திட்டம் வெற்றிகரமாக நிறைவடைகிறது என்றார். திட்டம் நிறைவடைந்தால் அதற்கான வேலையும் நிறைவடையும். "எட்டாமல் விட்டிருந்தால் நீடிப்புக் கேட்க ஒரு காரணம் இருந்திருக்கும்," என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

ஜேர்மன் வழக்கப்படி வேலையை விட்டுப் போகிறவர்தான் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். துரத்தப்படுகிறவருக்கும் அதே சட்டம்தான். அம்மா விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்துத் தந்தார். எல்லாரும் இரண்டு மூன்றென்று எடுத்தார்கள். "நீங்கள் இல்லாமல் என்ன செய்யப்போகிறோமோ," என்றார் தலைவி, வாயைத் துடைத்துக்கொண்டு. செய்முறையையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

ஒக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை, வீட்டுச் சட்டையோடு குசினியில் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியில் இருந்து அழைப்பு வந்தது.

"மேடம், பாப்பா பிராங்பேர்ட்ல இறங்கி ரயில் ஏறிட்டா. வேற எங்கயும் போகாத, நேரா மேடம் ஆபீசுக்குப் போன்னு சொல்லியிருக்கேன்."

"சரி சார்," என்றேன். வேறென்ன சொல்வது?

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "ஆர் அது?"

சொன்னேன். எட்டாம் பக்கத்தில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்தவர். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தப் பிள்ளை வாசல்லை நிக்கப்போகுது, நீ இருந்து உள்ளி உரிக்கிறாய்," என்றார். "போய்க் கூட்டிக்கொண்டு வா."

அலுவலகம் பூட்டியிருந்தது. செவ்வாயும் வியாழனும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை, டெர்மின் எடுத்தவர்களுக்கு, அதாவது முன்கூட்டியே நேரம் குறித்தவர்களுக்கு மட்டும் என்று கதவில் ஒட்டியிருந்தது. அந்த அறிவித்தலை எழுதியதும் நான்தான். பக்கத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு என் படம், வெங்காயப் பையோடு சிரித்தபடி. அதன் கீழே இரண்டு பெட்டிகளை வைத்து, ஒன்றின் மேல் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "அக்கா, நீங்கதானே?" என்றாள்.

ரயிலில் அவளிடம் சொன்னேன். எனக்கு அங்கே இப்போது வேலையில்லை, நான் அங்கே படித்ததும் இல்லை.

"அப்பா கேட்டப்பவே தெரியுமா அக்கா?"

"தெரியும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். "நீங்க இருக்கீங்கன்னுதான் என்னை அனுப்பினாங்க. இல்லேன்னு தெரிஞ்சா உடனே திரும்பி வரச் சொல்லிடுவாங்க."

இரண்டு கிழமைக்கு என்று சொல்லி என் அறையை அவளுக்குக் கொடுத்தேன். நான் வரவேற்பறைச் சோபாவுக்கு மாறினேன். விடுதிப் பட்டியலில் அவள் பெயர் டிசெம்பரில் நத்தார் வரைக்கும் நகரவில்லை. நத்தாருக்குப் பிறகு ஓரிடம் பின்னுக்குப் போனது, ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அப்பா எடுக்கும்போது என்னிடமும் இரண்டு வார்த்தை பேசுவார். "ஆபீஸ் எப்படிப் போகுது மேடம்?" என்பார். "நல்லாப் போகுது சார்," என்பேன். அதற்குள் வேறு பத்துப் பன்னிரண்டு அலுவலகங்களுக்கு விண்ணப்பம் அனுப்பி, மிக மரியாதையான மறுப்புகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அம்மா அவளுக்குப் புட்டும் சம்பலும் பழக்கினார். அவள் அம்மாவுக்கு எலுமிச்சம்பழச் சாதம் பழக்கினாள். என் வீட்டில் என்னைத் தவிர எல்லாரும் நன்றாக இருந்தார்கள்.

மாசியில் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையை அவள் கொண்டுவந்து காட்டினாள். தரவரிசையில் சில படிகள் ஏறியிருந்தோம். கீழே ஒரு பந்தியில், வெளிநாட்டு மாணவர்களின் வீட்டுப் பிரச்சினைக்கு உள்ளூர்ச் சமூகங்களின் வலையமைப்பு ஒரு புதுமையான தீர்வாக அமைந்துள்ளது என்று எழுதியிருந்தது. எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்ற படிவத்தை அவள் நேர்மையாக நிரப்பிக் கொடுத்திருந்தாள். அந்த வலையமைப்பில் படுத்துப்படுத்து எனக்கு நாரி பிடித்து இடுப்பை நிமிர்த்த முடியாமல் இருந்தது.

பிறகு ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். அதே அலுவலகத்தில் அவளுக்கு மாணவ உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. வேலை, தமிழ்நாட்டுப் பெற்றோருக்கான இணையக் கூட்டம். ஒப்பந்தம் செப்டெம்பர் முடிய. "உங்களுக்குக் கோபமா அக்கா?" என்றாள். எனக்குக் கோபம்தான். அவள் மேல் இல்லை. அதை விளக்கிச் சொல்ல நேரமெடுக்கும் என்பதால், "எடு, நல்ல வேலை," என்றேன்.

வரவேற்பறையில்தான் இணையம் நன்றாக வரும் என்பதால் அங்கேயே மேசையைப் போட்டாள். நான் சோபாவில் இருந்து போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். அவளை ஒருவரும் மலையாளமா என்று கேட்கவில்லை. கையில் வைத்திருந்த தாள் என்னுடையது, ஒரு சொல்கூட மாறவில்லை. வீடு தேடுவதில் பல்கலைக்கழகம் துணை நிற்கும் என்று வாசிக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

கரூரில் இருந்து ஒரு தாய் கடைசியாகக் கேட்டார். "எங்க வீட்ல ஒரே பொண்ணும்மா. அவ வரும்போது நீ அங்க இருப்பியா?"

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அலுவலகத் தலைவி தன் பெட்டிக்குள் புன்னகைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அந்த இரண்டு விநாடி போனது. மூன்றாவதும் போனது. சொல்லிவிடு பிள்ளை, ஒரு சொல்தானே என்று நினைத்தேன். சொல்லிவிடாதே என்றும் நினைத்தேன்.

"நான் ஆபீஸ்ல இருப்பேனான்னு தெரியல ஆன்ட்டி," என்றாள். "செப்டம்பரோட வேலை முடியுது. ரூமும் உடனே கிடைக்காது. ஆனா அக்கா இருப்பாங்க."

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். என்னைக் கண்டதும் தலைவியின் புன்னகை நின்றது. திரை முழுக்கக் கரூரும் மதுரையும் சேலமும் என்னைப் பார்த்தன. தலை வாராமல், மடித்த போர்வையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தேன்.

குசினிக்குள் இருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "எத்தினை பேராம் வருகினம்?" என்று கேட்டார்.

"இருப்பன்," என்றேன் திரையைப் பார்த்து. இந்தமுறை பொய் சொல்லவில்லை. எனக்கு இன்னும் வேறு வேலை கிடைத்திருக்கவில்லை.