கவரேஜ் இல்லாத சனிக்கிழமை

அக்காவின் லப்டொப்பைக் கழற்றமாட்டேன் என்று அம்மாவுக்கு முன்னால் சொன்னவன் நான். சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த லப்டொப்பில் கேம் விளையாடினால் படம் நின்று நின்றுதான் நகரும். வெளியே ஒரு கிராபிக்ஸ் கார்டை வைத்து அதோடு கொழுவினால் பறக்கும் என்று வீடியோக்களில் பார்த்திருந்தேன். வவுனியாவில் பழைய கொம்பியூட்டர்ச் சாமான் விற்கும் கடையில் கார்டும் கொழுவுகிற வயரும் வாங்கி வந்தேன்.

அந்த வயரைக் கொழுவ லப்டொப்புக்குள் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அதில் ஏற்கெனவே வைஃபை கார்ட் இருந்தது. விளையாடும்போது வைஃபையைக் கழற்றுவேன், அக்கா பள்ளிக்கூடத்தால் வரும் முன் திரும்பப் பூட்டிவிடுவேன். அவள் மூன்று வருடமாகச் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. அவள் அங்கே தொண்டை கிழியப் படிப்பித்த நேரமெல்லாம் நான் இங்கே சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன். இதில் நான் பெரிய விண்ணன் என்ற நினைப்பு வேறு.

அப்போதுதான் அவளுக்குக் கொழும்பு நிறுவனமொன்றிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. வட்டக்கச்சியில் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலை, மாதச் சம்பளம். சனிக்கிழமை பத்து மணிக்கு வீடியோவில் கதைக்க வேண்டும். அன்று காலை அவள் கிணற்றடியில் நின்ற நேரம் அவசரமாக வைஃபை கார்டைப் பூட்டினேன். அந்தக் கார்டில் கொழுவுகிற, தலைமயிர் மொத்தத்தில் இருந்த அன்ரனா வயரின் நுனி உடைந்து கையோடு வந்துவிட்டது. இனி லப்டொப்பில் வைஃபை எடுக்காது.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் தன் போனை வீட்டு ரவுட்டரோடு இணைத்து, கதிரையில் இருந்தே கதைத்திருப்பாள். நான் பிடிபடாமல் இருக்க, போய் ரவுட்டரில் இருந்த சிம்மை இழுத்துவிட்டேன்.

"அக்கா, விடியத் தொடக்கம் லைன் இல்லை. கவரேஜ் போட்டுது."

எங்கள் பக்கத்தில் இதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். மழைக்கும் கவரேஜ் போகும், வெயிலுக்கும் போகும். அவளும் நம்பினாள். கூரையில் அன்ரனா பூட்டிய ரவுட்டர் இல்லாமல், வீட்டுக்குள் அவளுடைய போனில் வழமைபோல ஒரு கோடுதான் காட்டியது.

"வாய்க்கால் கட்டிலை ஏறி நிண்டா போனுக்கு கவரேஜ் கொஞ்சம் எடுக்கும். நான் அங்கை போறன்" என்று, இஸ்திரி போட்ட சேலையோடு சைக்கிளில் ஏறிப் போனாள். நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் தைரியமில்லை.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தாள்.

"ஒரே காத்து. வெட்டி வெட்டிப் போச்சுது. வீட்டிலை இருந்து செய்யிற வேலைக்கு உங்கட இடத்து லைன் சரிவராது எண்டு சொல்லிப்போட்டினம்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ ஏன்ரா மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கிறாய்? கவரேஜ் இல்லாததுக்கு நீ என்ன செய்யிறது?"

திங்கட்கிழமை கிளிநொச்சியில் அந்த வயரைத் திருத்துவித்தேன். சிம்மையும் திரும்பப் போட்டுவிட்டு, லைன் வந்துவிட்டதென்று அவளிடம் சொன்னேன். கிராபிக்ஸ் கார்டை அதற்குப் பிறகு நான் கொழுவவில்லை. அது ஒன்றும் பெரிய தியாகமில்லை, பார்க்கவே பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த கிழமை அக்கா ஒரு வெள்ளைத்தாளோடு வந்தாள். ஊருக்கு ஒரு டவர் கேட்டு மனு கொடுக்கப் போகிறாளாம்.

"எனக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக்கூடாது. உனக்குத்தானே இங்கிலீசு வரும், நீ எழுது."

எழுதினேன். எங்கள் ஊர்ப் பட்டதாரிப் பெண் ஒருத்தி, இணைப்பு இல்லாத ஒரே காரணத்தால், கையில் வந்த வேலையை இழந்தாள் என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த இடத்தை அவள் இரண்டு தரம் வாசித்தாள். கண் கலங்கிவிட்டது.

"என்ரை மனசிலை கிடந்ததை அப்பிடியே எழுதியிருக்கிறாய். முதல் கையெழுத்து நீயே வை, தம்பி."

நான் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.