மில் வாசலில் தூக்குப்போசி

சேலத்து மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் நான் வேலை பார்த்த காலத்தில், வாசலில் நிற்கும் மேஸ்திரி எங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டான். வயிற்றைத்தான் பார்ப்பான். பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும். அதனால் மாசமாக இருப்பவர்கள் சேலையைத் தொளதொளவென்று சுற்றிக்கொண்டு, சோற்றுத் தூக்குப்போசியை வயிற்றுக்கு நேராகப் பிடித்தபடி உள்ளே போவார்கள்.

நான் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் நாலு வகுப்பு படித்தவள். எங்கள் பகுதியில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. பிரசவத்துக்கு லீவும் பணமும் கொடுக்கச் சட்டம் வந்திருப்பதாகப் பத்திரிகையில் படித்துவிட்டு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன்.

எனக்கு அடுத்த ராட்டையில் நின்றவளுக்கு அப்போது ஏழு மாதம். மேட்டூர் அணை வேலை முடிந்துபோனதிலிருந்து அவள் புருஷன் சும்மா இருந்தான். இரண்டு குழந்தைகளுக்கும் இவள் கொண்டு போனால்தான் சோறு.

"ஏனுங்கக்கா, எழுதிக் குடுத்தா வேலைக்கு மோசம் ஒண்ணும் வந்துராதுங்களே?"

"சட்டமே இருக்குது புள்ள. தெகிரியமாக் கொண்டு போய்க் குடு."

நானே எழுதினேன். அவள் கைநாட்டு வைத்தாள். காலையில் ஆபீசில் கொடுத்தாள். மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நூல் அடிக்கடி அறுகிறதாம், வேலை சுத்தமில்லையாம்.

மேஸ்திரியிடம் ஓடினேன். "சட்டத்துல குடுக்கச் சொல்லியிருக்குதுங்களே?"

அவன் சிரித்தான். "வேலைல இருக்கறவளுக்குத்தான சட்டம்? இவதான் வேலைலயே இல்லையே. ஆமா, உனக்கேன் இத்தன அக்கற?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தான். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு ராட்டைக்குத் திரும்பினேன்.

ஏனென்றால் எனக்கும் அப்போது நாலு மாதம். எனக்கென்று ஒரு காகிதம் நான் எழுதவில்லை. அவளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூடச் சொன்னதில்லை.

பாக்டரி இன்ஸ்பெக்டருக்கு இரண்டு மனு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. வேறு மில்லில் கேட்டுப் பார் என்றேன். அங்கேயும் வாசலில் ஒரு மேஸ்திரி நின்றிருந்தான். அவள் வேறு வழியில்லாமல் தினமும் காலையில் எங்கள் மில் வாசலுக்கே வந்து, யாராவது மனமிரங்கிக் கூப்பிடுவார்களா என்று நிற்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டிப் போவேன். அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. நாளைக்கு நானும் அங்கேதான் நிற்பேன் என்று தோன்றியது.

ஒரு நாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நான் பிடித்திருந்த தூக்குப்போசியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"போசிய முன்னால புடிக்காதீங்கக்கா. அவன் அதத்தான் பாக்கறான். இடுப்புல வெச்சுக்கிட்டு யாருகூடயாச்சும் பேசிக்கிட்டே போயிருங்க."

போசியை இடுப்புக்கு மாற்றினேன். சங்கு ஊதியது. அவளை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.