தறிப்பள்ளத்தில் பழுத்த ஒயின்

என் மனைவியின் தம்பி பாரிஸில் ஓர் உணவகத்தில் ஒயின் பரிமாறுகிறவன். தன் மகள் பிறந்த வருடத்துத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் வாங்கினான். அவள் படித்து வேலைக்குப் போகும்போது திறக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அன்று அவன் குடியிருந்த ஒற்றை அறையில் எங்கே வைத்தாலும் ஹீட்டரின் சூடு படும். அதனால் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்து எங்கள் தறிப்பள்ளத்தில் படுக்கவைத்தான். நெய்கிறவர் காலைத் தொங்கப்போடும் அந்தப் பள்ளம் சித்திரையிலும் ஜில்லென்றிருக்கும். தறியைப் பின்கட்டுக்கு மாற்றியபின் அதன்மேல் பலகை போட்டிருந்தோம். காவலுக்கு நான். அதற்கு முன் என்னை நம்பி யாரும் ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட விட்டுப் போனதில்லை.

போன மாதம், வேலை கிடைத்த மகளோடு வந்தான். பலகையைத் தூக்கியதுமே கேட்டான்.

"யாரும் அசைக்கலியே, மாமா?"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"பட்டுப்புடவைக்கு மடிப்பு மாத்தும்போதெல்லாம் இதையும் திருப்பித்தான்டா வச்சேன். ஒரே பக்கமா படுத்துக்கினு இருந்தா ஜரிகையே ஒடிஞ்சுடுது."

"இது புடவை இல்லக்கா. அடியில வண்டல் தங்கணும். கலங்கிச்சுன்னா கசக்கும். மாமா கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்."

"இவர் கிட்டயா சொன்ன?"

அவன் வண்டல் அடங்கட்டுமென்று பாட்டிலைப் பள்ளத்திலேயே நிமிர்த்தி வைத்து, சில நாள் யாரையும் கிட்டே விடவில்லை. முகம் மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவன்போல இருந்தது.

திறந்த அன்று தக்கை இரண்டு துண்டாக வந்தது. பாட்டில் கழுத்துக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடிக்கும் வேலை எனக்கு. கண்ணாடிக் கூஜாவில் நூல்போல ஊற்றினான். கழுத்தருகே கறுப்பு தெரிந்ததும் சட்டென்று நிறுத்தினான்.

"இன்னும் இருக்குது பாரு, மச்சான்."

"அது வண்டல், மாமா. செடிக்கு ஊத்துங்க."

கிளாஸில் ஊற்றியதும் நடுவில் அரக்கு, விளிம்பில் செங்கல் நிறம். எந்தச் சாயப்பட்டறையிலும் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கிளாஸைச் சுழற்றி மோந்தான். ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் வைத்திருந்தான்.

"கெட்டுடுச்சாடா?" என்றாள் மனைவி.

"நல்லா இருக்குதுக்கா," என்றான். கண் கலங்கியிருந்தது.

இருமல் மருந்து என்று சொல்லிச் சிரிக்கலாமென்று நான் தயாராக இருந்தேன். என் பங்கைக் குடித்தேன். முதலில் உலர்ந்த திராட்சை, பிறகு மழையில் நனைந்த மண், கடைசியில் நாவல்பழத்தின் துவர்ப்பு. விழுங்கியபிறகும் வாயில் வெகுநேரம் நின்றது. ஒவ்வொருவருக்கும் கால் கிளாஸ் ஊற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் விளிம்பைத் துடைத்துக் கொடுத்திருந்தான். பெருமாள் கோயில் தீர்த்தத்தைக்கூட நான் அவ்வளவு பணிவாக வாங்கியதில்லை. மகளுக்கு மட்டும் நிறைய. தனக்குக் கூஜாவில் மிஞ்சிய ஒரு வாய்.

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதாப்பா?" என்றாள் அவள்.

"இல்லமா. அப்ப ஒண்ணுதான் வாங்க முடிஞ்சுது."

அவள் தன் கிளாஸில் பாதியை அவன் கிளாஸில் சாய்த்தாள். வேண்டாமென்று அவன் சொல்லவில்லை. முதலில் சுழற்றினான், மோந்தான், அப்புறம்தான் குடித்தான்.