நரிக்கொம்பு கேட்ட மனிசன்

நரிக் குடும்பம் எப்பிடிச் சீவிக்குது எண்டு நான் பழகினது பாரிசுக்குப் பக்கத்து லா கூர்னெவிலை, ஒரு சாமான் கிடங்குக்குப் பின்னாலை குந்தியிருந்து. எலி, கரப்பான், புறா பிடிக்கிற சின்னக் கொம்பனி ஒண்டிலை எனக்கு வேலை. ஊரிலை சண்டை முடிஞ்ச அடுத்த வருசம், பங்குனி கழியேக்கை, அந்தக் கிடங்கு முதலாளி எங்களைக் கூப்பிட்டார். தமிழ்க் கடையளுக்குச் சாமான் இறக்கிறவர். ஆரோ கருவாட்டுப் பெட்டியைக் கிழிச்சு இழுத்துக்கொண்டு போறாங்கள் எண்டு வேலைக்காரர் ரெண்டு பேரை ஏசியும் போட்டார். நான் போய்ப் பாத்தால், சாமான் ஏத்திற பழைய மேடைக்குக் கீழை ஒரு பொந்து. வாசல் முழுக்க மீன் தலை.

பெட்டை நரி உள்ளை குட்டியளோடை கிடந்தாள். குட்டி போட்ட முதல் கிழமையளிலை அவள் வெளியிலை வாறது குறைவு, கடுவன் நரியையும் உள்ளை விடாள். அவன் சாப்பாட்டைக் கொண்டுவந்து வாசலிலை போட்டிட்டுத் தள்ளிப்போய் இருப்பான். அவள் வந்து எடுத்துக்கொண்டு போகுமட்டும் அசையான். எலி, புறா, எங்கடை ஆக்களின்ரை கருவாடு, எல்லாம் வரும். அவன்ரை விலா எலும்பைத் தூரத்திலை நிண்டே எண்ணலாம். பத்து நாள் விடிய விடியப் போய்ப் பாத்தன். குட்டியள் தலை நீட்டத் தொடங்கின பிறகுதான் ஐஞ்சு எண்டு தெரிஞ்சுது. கண் அப்பவும் நீலம்.

இதுகளை எழுப்பிறது ஒரு வேலையே இல்லை. பழந்துணியிலை டீசலை நனைச்சு வாசலிலை வைச்சால் காணும். மணம் பிடிக்காமல் தாய் குட்டியளை ஒவ்வொண்டாய்க் கழுத்திலை கவ்விக்கொண்டு வேறை இடம் போயிடுவாள். நானும் அதைத்தான் செய்யிறதாய் இருந்தனான். அதுக்குள்ளை வந்து சேந்தது நரிக்கொம்பு அரியண்டம்.

ரூ பிலிப்-து-ஜிரார் எண்ட தெருவிலை ஒரு அறையிலை நாங்கள் மூண்டு பேர் இருந்தம். எனக்கு எதிர்க் கட்டில்காரனுக்கு முப்பத்தைஞ்சு வயது இருக்கும். மனிசியும் ரெண்டு பிள்ளையளும் வவுனியாவிலை. அகதி விண்ணப்பம் ஒருக்கால் தள்ளுபடியாகி, அப்பீலுக்கு நாள் வந்திருந்தது. அதுவும் தள்ளுபடியானால் விசா இல்லை, குடும்பத்தைக் கூப்பிடவும் ஏலாது. ஒவ்வொரு நாளும் காலமை மனிசியோடை ரெலிபோனிலை அழுவான். நான் தலையணையாலை காதைப் பொத்திக்கொண்டு படுப்பன். நான் நரிக்குப் பின்னாலை திரியிறன் எண்டு கேள்விப்பட்டவுடனை அவன்ரை முகம் மாறிட்டுது.

"அண்ணை, கூட்டத்துக்கு மூத்த கடுவனுக்கு உச்சியிலை சின்னதா ஒரு கொம்பு இருக்கும். அதை வைச்சிருக்கிறவன் வழக்கிலை தோக்கமாட்டான். எனக்கு எடுத்துத் தாங்கோ."

"உமக்கென்ன விசரே? நரிக்கு எங்கையப்பா கொம்பு?"

"வெளியிலை தெரியாது அண்ணை. மயிருக்குள்ளை இருக்கும்."

ஒரு கிழமை இதே பாட்டு. சமைக்கேக்கை கொம்பு, மெத்ரோவிலை கொம்பு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சரியடாப்பா, உனக்குக் கொம்பு தாறன் எண்டு மனசுக்குள்ளை கறுவினன். டீசல் துணியை எடுத்த இடத்திலையே வைச்சிட்டன்.

கடுவனைப் பிடிக்கிறது லேசு. வெறும் வாயோடை போற நரி பத்துத் தரம் மணந்து பாத்துத்தான் கால் வைக்கும். வாயிலை சாப்பாட்டோடை குட்டியளிட்டைத் திரும்பிற நரி நேர் வழியாலை வரும், கண் பொந்திலை நிக்கும். அவன் ஒவ்வொரு நாளும் கம்பி வேலியிலை இருந்த ஒரே ஓட்டையாலைதான் பூந்தவன். அதிலை கம்பிக் கண்ணியைக் கட்டினன். அடுத்த நாள் விடியப் புறாவோடை வந்தான். கம்பி கழுத்தை இறுக்கின பிறகும் புறாவை விடேல்லை. நான் இரும்புக் குழாயோடை கிட்டப் போகுமட்டும் கவ்விக்கொண்டு நிண்டான். ரெண்டு அடி. முதல் அடி சரியாய் விழேல்லை.

அதோடை விட்டிருக்கலாம். நான் அடுத்த நாளும் போய்க் குந்தினன். என்ன நடக்கும் எண்டு பாக்க ஆசை. பெட்டை அந்த நேரத்துக்கு வாசலுக்கு வந்து வேலி ஓட்டையையே பாத்துக்கொண்டு நிண்டாள். ரெண்டாம் நாளும் அப்பிடித்தான். மூண்டாம் நாள் பசி தாங்காமல் குட்டியளை விட்டிட்டு இரை தேடப் போனாள். காகம் ரெண்டு குட்டியை வெளியிலை இழுத்துக் கொத்திப் போட்டுது. மிச்சம் மூண்டையும் பிறகு அவளே தூக்கிக்கொண்டு போயிட்டாள். செத்த ரெண்டையும் நான் கறுப்புப் பையிலை போட்டன். முதலாளிக்குச் சந்தோசம், ஒரு பெட்டி மாம்பழம் தந்தார். நான் அதைத் திண்டன்.

கடுவன்ரை தலையிலை கொம்பு இருக்கேல்லை. ஆனால் ஆண் நரிக்கு வேறை ஒரு இடத்திலை மெல்லிசாய் ஒரு எலும்பு உண்டு. எந்த இடம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அதை வெட்டி எடுத்து, அவிச்சுக் கழுவி, அடியிலை கொஞ்சம் நரிமயிரைப் பசையாலை ஒட்டிக் கொண்டுபோய்க் குடுத்தன். அவன் ரெண்டு கையாலையும் வாங்கிக் கண்ணிலை ஒத்தினான். சந்தனம் பூசிச் சாமிப் படத்துக்கு முன்னாலை வைச்சான். பிறகு சேட்டுப் பையிலை குடியிருத்தினான். நான் கொடுப்புக்குள்ளை சிரிச்சுக்கொண்டு நிண்டன். அண்டைக்கே லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவிலை நாலு பேருக்குச் சொன்னன். ஒரு கிழமைக்குள்ளை லா சப்பலிலை அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அவன் தேத்தண்ணிக் கடைக்குள்ளை வந்தால், "வழக்குக்கு ஆயத்தமோ?" எண்டு கேட்டுக் கேட்டுச் சிரிப்பாங்கள். அவனும் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பான்.

அவன்ரை முதுகிலை சூட்டுத் தழும்புகள் இருந்தது, ஆமியின்ரை வேலை. அவன்ரை வழக்கறிஞர், ஒரு பிரெஞ்சு மனிசி, தழும்புக்கு டொக்டரிட்டைச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி, நாளும் நேரமும் குறிச்சு ரந்தெவூ போட்டுக் குடுத்திருந்தா. அது இல்லாமல் போனால் நம்பமாட்டினம் எண்டு தெளிவாய்ச் சொன்னவ. டொக்டரும் பொம்பிளை. சேட்டைக் கழட்டி முதுகைக் காட்டி, என்ன செய்தவங்கள், எப்பிடிச் செய்தவங்கள் எண்டு ஒண்டு விடாமல் சொல்லவேணும். அந்த நாளை நினைச்சே அவன் ஒழுங்காய்ச் சாப்பிடுறேல்லை.

ரந்தெவூ நாள் காலமை எழும்பிப் பாத்தால் ஆள் கட்டிலிலை கிடக்கிறான்.

"டொக்டரிட்டைப் போகேல்லையோ?"

"அதுதானே இருக்கு அண்ணை," எண்டு சட்டைப் பையைத் தொட்டான். "பிறகு ஏன் எல்லாத்தையும் கழட்டிக் காட்டவேணும்?"

ரந்தெவூவுக்கு இன்னும் ஒண்டரை மணித்தியாலம் இருந்தது. நான் வாய் திறந்திருந்தால் அவன் ஓடிப் பிடிச்சிருப்பான். எனக்கு வெக்கம். உண்மையைச் சொன்னால் எந்த எலும்பு எண்டும் சொல்லவேணும், அதை அவன் கண்ணிலை ஒத்தினதைப் பாத்துக்கொண்டு நிண்டனான் எண்டும் சொல்லவேணும். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிட்டன். ஒரு மனிசன்ரை சீவியத்தை விட என்ரை வெக்கம் எனக்குப் பெரிசாய்ப் போச்சு. நான் அப்பிடிப்பட்ட ஆள்தான்.

அப்பீல் விசாரணைக்கும் அவன் சான்றிதழ் இல்லாமல் எலும்போடைதான் போனவன். முடிவு கடிதமாய் வந்தது. பிரெஞ்சு எனக்குத்தான் கொஞ்சம் ஓடும் எண்டு என்னட்டை நீட்டினான். சொன்னதுக்கு மருத்துவச் சான்று எதுவும் இல்லை, தள்ளுபடி. நான் வாசிச்சுச் சொல்ல, அவன் கட்டில் விளிம்பிலை இருந்து கேட்டான். என்னை அடிப்பான் எண்டு பாத்தன். அடிச்சிருந்தால் நல்லம்.

"அண்ணை, நீங்கள் பிடிச்சது மூத்த கடுவன் தானோ?"

நான் சுவரைப் பாத்தன். "இல்லைப் போலைதான் கிடக்கு."

"நானும் அதைத்தான் நினைச்சன்," எண்டான். ஒரு கோவம் இல்லை. ரெலிபோனை எடுத்து மனிசிக்கு அடிச்சான். அழேல்லை. இது வேறை நரியாம், திரும்ப வழக்குப் போடலாம், அண்ணை சரியானதைப் பிடிச்சுத் தருவார் எண்டு ஆறுதலாய் விளங்கப்படுத்தினான். பிறகு ரெலிபோனை என்ரை கையிலை தந்தான். அந்தப் பக்கத்திலை பிள்ளையள் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டுது.

"அண்ணை," எண்டா அவன்ரை மனிசி, "உங்களைத்தான் நம்பியிருக்கிறம்."

"ஓம் பிள்ளை," எண்டன். "பிடிச்சுத் தாறன்."