சனிக்கிழமை நாலு மணிக்குப் படகு எங்கே நிற்கும்

சிலுவையம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பத்தோரு வருஷம் தண்ணீர் மேல்தான் குடித்தனம் நடத்தினாள். பழவேற்காட்டுக்கு வடக்கே சவுக்கு விறகு ஏற்றி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர், சடையங்குப்பம், கொருக்குப்பேட்டை தாண்டி பேசின் பிரிட்ஜ் டிப்போவில் இறக்குவார்கள். பிறகு காலிப் படகோடு வடக்கே திரும்புவார்கள். படகின் பின்பக்கம் ஓலைக் கூரை போட்ட இடம் ஒன்று உண்டு. இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். அடுப்பு, பெட்டி, மாதா படம், பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்ளேதான்.

பிள்ளை ஒன்றுதான், ஸ்டானிஸ்லாஸ். எண்ணூரில் அனல் மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே வேலைக்குப் போகிறேன் என்றான். அப்பன் செல்வநாதன் கூடாது என்றான். கரையில் நடந்து கயிற்றால் படகை இழுக்க யார் இருக்கிறார்கள் என்பது அவன் கேள்வி. நான் மாடா என்பது மகன் கேள்வி. மறுநாள் விடிந்தபோது கரையில் கயிறு மட்டும் சுருட்டி வைத்திருந்தது. மகன் இல்லை. மூன்று வருஷம் ஒரு செய்தியும் வரவில்லை. வருவதற்கும் வழி இல்லை. இன்றைக்கு எண்ணூரில் இருக்கும் படகு நாளைக்கு எங்கே இருக்கும் என்று எந்தத் தபால்காரனுக்குத் தெரியும்?

எழுபத்தொன்று ஐப்பசியில், சடையங்குப்பத்துக்கு அருகே கரையில் கயிறு இழுத்துக்கொண்டு போன செல்வநாதன் நின்ற இடத்திலேயே சாய்ந்தான். வலது பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சு குழறிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

படகில் கடிகாரம் இல்லை. சிலுவையம்மாள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு தடவை புரட்டினாள். பாலம் இல்லாத வடக்குப் பக்கத்தில் மதகையும் உப்பளத்து மேட்டையும் அடையாளமாக வைத்துக்கொண்டாள். ராத்திரியிலும் படகு போகும்; டிப்போவில் நின்றால் போகிற வருகிற ரயிலைக் கணக்கு வைத்துக்கொண்டாள். பாலத்தின் நிழல் கூரை மேல் விழுந்ததும், அடுப்பில் எது கொதித்தாலும் விட்டுவிட்டு எழுந்து, புருஷனின் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து அடுத்த பக்கம் திருப்புவாள். முதுகைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுவாள். ஒன்பது மாதம் அவன் உடம்பில் ஒரு சிவப்புக்கூட இல்லை. கொழுந்தன் லூர்து படகை இழுத்தான். வாழ்க்கை நடந்தது.

எழுபத்திரண்டு ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை விறகு இறக்கிக்கொண்டிருந்தபோது டிப்போ கணக்குப்பிள்ளை மதார் சாகிப் ஓடி வந்தார்.

"யம்மா, உம் புள்ள பேரு சிலோன் ரேடியோல வந்துச்சு. சனிக்கெளம நாலு மணிக்கி, விருப்பப் பாட்டுல. பக்கிங்ஹாம் கால்வாய்ல படகு ஓட்ற எங்கப்பா செல்வநாதன், அம்மா சிலுவையம்மாளுக்குன்னு சொல்லி ஒரு பாட்டு வெச்சான். எந்த ஊருலேருந்துன்னு சொல்ல சொல்ல, கூட்ஸ் வண்டி தடதடன்னு பூட்ச்சு. வுட்டுட்டேன்."

சிலுவையம்மாள் கூரைக்குள் குனிந்து புருஷனிடம் இதைச் சொன்னாள்.  அவன் இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, ஒரே வார்த்தை சொன்னான்.

"தேடு."

ஒரு தடவை பேர் சொன்னவன் மறுபடி சொல்லுவான் என்பதில் படகில் இருந்த மூன்று பேருக்கும் சந்தேகம் இல்லை. மதார் சாகிப்பே ஒரு பழைய டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்தார். ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமே என்று லூர்து தபால் ஆபீசுக்குப் போனான். விலாசம் கேட்டார்கள். தண்ணி மேல என்று எழுதிக்கோங்க என்றானாம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், குமாஸ்தா சிரிக்கவில்லை. கடைசியில் மதார் சாகிப் டிப்போ விலாசத்தைக் கொடுத்து வாங்கித் தந்தார். அந்தக் காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தாள் சிலுவையம்மாள்.

ரேடியோவை ஒரே இடத்தில் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை புரியாது. ஒரு சனிக்கிழமை நாலு மணிக்குப் படகு எண்ணூரில், மின் நிலையத்திலிருந்து போகும் பெரிய கம்பிகளுக்குக் கீழே நின்றது. ரேடியோ முழுக்க வண்டு கத்துகிற மாதிரி ஒரே இரைச்சல். அடுத்த சனிக்கிழமை கொருக்குப்பேட்டை ரயில் யார்டு பக்கம், அங்கே எஞ்சின் சத்தம். அதற்கு அடுத்த வாரம் மதகுக் கதவு திறக்கக் காத்திருந்ததில் நேரம் போய்விட்டது. பாய்மரத்து உச்சியில் செப்புக் கம்பி கட்டிப் பார்த்தார்கள். பாலம் வந்தால் மரத்தை இறக்க வேண்டும். இறக்கினால் சிலோனும் இறங்கிவிடும்.

லூர்து ரேடியோவைத் தோளில் வைத்துக்கொண்டு கரையோடு நடந்து நல்ல இடம் தேடினான். பத்தடிக்கு ஒரு தடவை நின்று திரும்பிப் பார்ப்பான். உப்பளத்தில் வாருகிற பெண்களுக்கு அது வேடிக்கை.

"இன்னா மாமு, முட்ட வெக்க எடம் தேட்ற கோயி மாதிரி சுத்திக்கினு கீற?" என்றாள் ஒருத்தி.

"வெச்சா உன் கைலதான் வெப்பேன், தள்ளி நில்லு" என்றான் லூர்து.

சடையங்குப்பத்துக்கு வடக்கே, கம்பிகளுக்கு ஒரு மைல் தள்ளி, இரண்டு பக்கமும் உப்பளமாக மரம் மட்டை இல்லாத ஒரு வளைவு கிடைத்தது. அங்கே சிலோன் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்டது. அதிலிருந்து வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலமே அங்கே போய்ப் படகைக் கட்டிவிடுவார்கள். மதகில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம்தான். ஞாயிறு காலையில்தான் அவிழ்ப்பார்கள்.

நாலு மணி நிகழ்ச்சியில் எத்தனையோ ஊர்ப் பேர்கள் வந்தன. பிறந்த நாள் வந்தது, கல்யாண நாள் வந்தது. செல்வநாதனுக்கு இடது காதுதான் நன்றாகக் கேட்கும்; வலது பக்கமாகப் படுத்து, அந்தக் காதை மேலே வைத்த ரேடியோவோடு ஒட்டிக்கொள்வான். ஒரு பேர் "ஸ்" என்று தொடங்கினாலே அவன் கை பாயைப் பிறாண்டும். முடிந்ததும், குழறிக் குழறி, கம்பி தின்னுட்ச்சி என்பான். தெளிவாகக் கேட்ட வாரத்திலும் அதையேதான் சொன்னான். ஏதோ ஒரு நொடியில் இரைந்ததே, அப்போதுதான் நம் பேர் போயிருக்கும் என்பது அவன் நம்பிக்கை. சிலுவையம்மாளும் நம்பினாள்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. அதற்குள் அவன் இடுப்பெலும்பின் மேல் ரூபாய் அகலத்துக்குக் கறுத்துவிட்டது. முதலில் கொசுக்கடி என்று நினைத்தாள். பிறகு தோல் பிய்ந்தது, நாற்றம் வந்தது. மார்ச் முதல் வாரம், கொருக்குப்பேட்டையில் படகைக் கட்டிவிட்டு ராயபுரத்துக்கு நடந்து போய், கோயில் மருந்தகத்து நர்ஸ் ஃப்ளோரன்ஸைக் கூட்டி வந்தாள். ஃப்ளோரன்ஸ் குனிந்து உள்ளே வந்து, துணியை விலக்கிப் பார்த்தாள். உள்ளே எலும்பு தெரிந்தது.

"பொரட்டிப் போடலியா?"

"பாலத்துக்கு ஒரு வாட்டி தவறாம போட்றேன் சிஸ்டர்."

"பாலத்துக்கா?"

சிலுவையம்மாள் கணக்கைச் சொல்லத் தொடங்கினாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு காலை வரைக்கும் படகு அந்த வளைவிலேயே நிற்கிறது. அங்கே பாலம் ஏது, ரயில் ஏது? வாரத்துக்கு இரண்டு ராத்திரியும் ஒரு முழுப் பகலும் அவன் ஒரே பக்கம், வலது பக்கமாகவே கிடந்திருக்கிறான். புரட்டு என்று அவனும் கேட்கவில்லை. புரட்டினால் நல்ல காது பாயில் அமுங்கிவிடும்.

ஃப்ளோரன்ஸ் திட்டவில்லை. செத்த சதையை வெட்டி, உப்புத் தண்ணீரில் கழுவி, துணி வைத்துக் கட்டினாள். இது ஆறாது என்பது அவளுக்குத் தெரியும். கை கழுவும்போது, எதற்காக அங்கே கட்டி வைக்கிறீர்கள் என்று கேட்டாள். முழுதும் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ரேடியோக்காரங்களுக்கு ஒரு லெட்டர் போட்டிருந்தா ஆயிருக்குமேம்மா. அவன் எழுதிப் போட்டுத்தானே பாட்டு கேட்டான்? அந்த லெட்டர்ல விலாசம் இருக்காதா?"

 முப்பத்தோரு வருஷத்தில் அவர்களுக்கு ஒரு கடிதம் வந்ததில்லை, அவர்கள் ஒரு கடிதம் போட்டதுமில்லை. காற்றில் போனதைக் காற்றில்தான் பிடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். டிப்போ விலாசம் போட்ட லைசென்ஸ் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. டிப்போ விலாசத்துக்கு எழுதலாம் என்று மகனுக்குத் தோன்றவில்லை; ரேடியோவுக்கு எழுதலாம் என்று பெற்றவர்களுக்கும் தோன்றவில்லை, மதார் சாகிப்புக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கே ஃப்ளோரன்ஸ் ரேடியோவுக்கு எழுதினாள். பதினேழு நாள் கழித்து, தவக்காலம் முடியுமுன், ஒரு சனிக்கிழமை காலையில் காய்ச்சல் கண்டு செல்வநாதன் செத்தான். அன்று நாலு மணிக்கு ரேடியோவை யாரும் போடவில்லை.

ஈஸ்டர் முடிந்து இரண்டாம் வாரம் மருந்தகத்துக்குப் பதில் வந்தது. பாட்டுக் கேட்டு எழுதியவர் விலாசம் கொழும்பு கொச்சிக்கடையில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதோடு ஒரு வரி அதிகமாக எழுதியிருந்தார்கள். இந்த நேயர் போன ஆடியில் ஒரே ஒரு தடவைதான் எழுதினார், அதன் பிறகு அவரிடமிருந்து கடிதம் எதுவும் இல்லை.

ஃப்ளோரன்ஸ் அந்த வரியைப் படிக்கலாமா என்று யோசித்துவிட்டு, படித்துவிட்டாள். சிலுவையம்மாள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். எட்டு மாதம் அந்த வளைவில் கட்டிப் போட்டுத் தேடியது எதுவும் காற்றில் இல்லவே இல்லை. கம்பி எதையும் தின்னவில்லை.

அவள் படகை லூர்துவிடம் விட்டுவிட்டு, கொருக்குப்பேட்டையில் ரயில் பாதை ஓரம் ஒரு அறை எடுத்தாள். கதவில் எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தாள். அங்கிருந்து மகனுக்கு எழுதிப் போடச் சொன்னாள். அப்பா செத்துவிட்டார், நான் இங்கே இருக்கிறேன்.

வைகாசியில் பதில் வந்தது. அவள் பேருக்கு வந்த முதல் கடிதம். ரொம்ப அழுது எழுதியிருந்தான், வேலையை விட்டு வர முடியவில்லை என்றான். கடைசியில் ஒன்று கேட்டிருந்தான். அப்பா அந்தப் பாட்டைக் கேட்டாரா?

லூர்து வந்திருந்தான். "கேட்டாருன்னு எழுதிடச் சொல்லு அண்ணி. இன்னா கொறஞ்சுடப்போவுது? புள்ள மனசு ஆறும்."

"ஆறிட்ச்சின்னா வரமாட்டான்" என்றாள் சிலுவையம்மாள்.

ஃப்ளோரன்ஸ் பேனாவோடு காத்திருந்தாள். சிலுவையம்மாள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "கேக்கல. எட்டு மாசம் தேடினாரு. இடுப்பு புண்ணாயி, எலும்பு தெரியிற வரிக்கும் தேடினாரு. நீ திரும்ப எழுதல. வந்து கல்லறைல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போ."

பிறகு கதவு எண், தெருப் பேர், கொருக்குப்பேட்டை என்று விலாசத்தைச் சொன்னாள். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லி, சரியா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

தபால்காரன் பதினோரு மணிக்கு அந்தத் தெருவில் வருவான். மழைக்காலம் தொடங்கியும் அவன் அந்தக் கதவில் நிற்கவில்லை.